வெற்றிடத்தில் சத்தம்

இரண்டாம் ஆட்டம் விட்டு
மார்த்தாண்டம் இரும்புப் பாலத்தின் கீழ்
நாலு பைக்கையும் ஒரு சண்டையையும் நிறுத்தினோம்.
தாசையன் சாயாவை நீட்டுமுன்பே
பெர்ஜின் தொடங்கியிருந்தான்:
"அங்க காத்தே இல்ல, சத்தம் எப்படிடே வரும்?
ஒம்பது பாகம் எடுத்தாச்சு,
ஒருத்தனாவது அதைக் கேட்டானா?"

விஜில் 'நெருப்புக்கோள்' கட்சி.
ஒன்பதுக்கும் முதல் நாள், முதல் ஆட்டம்.
ஆறாம் பாகத்தன்று அக்காளுக்கு நிச்சயதார்த்தம்;
மோதிரம் மாற்றும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான்,
சட்டைப்பையில் கிழித்த டிக்கெட்டோடு.
"நூத்தி அறுபது ரூவா குடுத்திருக்கேன்.
எனக்க கப்பல் வெடிச்சா
எனக்குச் சத்தம் கேக்கணும்."

பெர்ஜினுக்கு 'ஆறாம் சுற்று'.
நாலே பாகம். மூன்றாவதில்
இருபது நிமிடம் ஒருத்தி
ஒரு திருகாணியைக் கழற்றுகிறாள்.
தியேட்டரில் பதினோரு பேர் இருந்தோம்,
அதில் இரண்டு பேர் குறட்டை.
பெர்ஜின் அழுதான்.
ஏனென்று இன்றுவரை சொன்னதில்லை.

"எட்டுக் கை வில்லன், தமிழ் டப்பிங்கில
மதுரைக்காரன் மாதிரி பேசுதானே,
அதுக்கு என்ன சொல்லுத?"
"அது அவனுக்க குத்தமாலேய்?
உனக்க விஞ்ஞானி பேசவே மாட்டேங்கான்,
டப்பிங் ஆளுக்குச் சம்பளம் லாபம்."
பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது.
நான் இரண்டு கட்சியும் இல்லை,
ஆகவே அதை நான் தின்றேன்.

தூத்தூர் டெல்பின் அதுவரை வாய் திறக்கவில்லை.
நாற்பது நாள் ஆழ்கடல் முடிந்து
முந்தாநாள்தான் தேங்காப்பட்டணத்தில் இறங்கியிருந்தான்;
தரையில் நின்றாலும் லேசாக ஆடுகிறான்.
பெர்ஜின் அவனைத் துணைக்கு இழுத்தான்:
"நீ சொல்லுடே, ரேடியோ அறுந்துபோன பெறவு
அந்த நிசப்தம். அது உள்ளதுதானே?"

டெல்பின் தம்ளரைக் கீழே வைத்தான்.
"நிசப்தம் எல்லாம் கிடையாது மக்கா.
வயர்லெஸ்ல ஆள் போனாலும் இரைச்சல் போவாது.
அந்தப் புயலில ரெண்டு ராத்திரி
அதைத்தான் கேட்டுக் கிடந்தோம்,
அதுக்குள்ள யாராவது
நம்ம போட்டுக்க பேரைச் சொல்லுதானான்னு."

மேலே ஒரு லாரி போயிற்று.
பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றாய்க் கடகடத்து
குழித்துறைப் பக்கம் ஓய்ந்தன.

"எனக்கு நெருப்புக்கோள் மதி.
அதில கடைசியில எல்லாரையும் தேடி எடுத்துருவான்.
உடைஞ்ச ரோபோவைக்கூட
திரும்ப வந்து எடுத்தாம்லா."

விஜில் வென்றிருந்தான். கை தட்டவில்லை.
பெர்ஜின் தம்ளரின் அடியில் தேங்கிய சீனியைச்
சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாக:
"ரோபோ சீன் கொள்ளாம். நான் இல்லேன்னு சொன்னேனா?
ஆனா அந்த எரிபொருள்?
ரெண்டாம் பாகத்தில தீர்ந்துபோச்சுன்னான்,
மூணாம் பாகத்தில எவன் கொண்டுவந்து ஊத்துனான்?"
நல்லவேளை,
சண்டை மறுபடி பற்றிக்கொண்டது.

மணி இரண்டே முக்கால். ரெஜின் எழுந்தான்.
குலசேகரத்தில் அவனுக்கு முந்நூறு மரம்.
பைக் பெட்டியிலிருந்து தலைவிளக்கை எடுத்து
நெற்றியில் மாட்டி, எரிகிறதா என்று
எங்கள் முகத்திலேயே அடித்துப் பார்த்தான்.
"நீங்க பால்வெளியைப் பற்றிப் பேசிக்கிட்டிருங்க,
நான் பால் வெட்டப் போறேன்."
படத்தில் இந்த வசனம் வந்திருந்தால்
இரண்டு கட்சியும் சேர்ந்தே எழுந்து போயிருக்கும்.

பத்தாம் பாகம் வரும்போது
டெல்பின் கடலில் இருப்பான்.
அவனுக்கும் சேர்த்து ஐந்து டிக்கெட் என்றான் விஜில்.
"ஆளில்லாத சீட்டுக்கு எதுக்குடே காசு?"
கேட்டது பெர்ஜின்.
கேட்டுவிட்டு,
அந்தச் சீட்டுக்கான நூற்றறுபதை
எண்ணிக் கொடுத்ததும் அவன்தான்.
"சத்தமா இருக்கும் பாத்துக்க" என்றான் விஜில்.
"இருக்கட்டு" என்றான்.